எண்பது சொல்லுக்கு மேல்

ஒரு கடைக்கு எண்பது சொல்.
மிஞ்சினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.
நட்சத்திரம் மட்டும் வெட்டுப்படாது,
அதை மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.
இந்த மாதம் டர்பனில் நாலு கடை.
ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன்.
மிச்சம் இது,
தமிழில், மெழுகுவர்த்தியில்,
மின்சாரம் திரும்பும் வரைக்கும்.

ஃப்ளோரிடா ரோட்டில் புதிதாகத் திறந்தது:
தட்டு அகலம், மீன் அரை உள்ளங்கை.
சுற்றிலும் பச்சையாக என்னவோ
சொட்டுச் சொட்டாய் வைத்திருந்தார்கள்.
கொத்தமல்லி என்று கண்டுபிடிக்க
நாலு வாய் வேண்டும்.
மீன் மூன்று வாய்தான் வந்தது.
ஆனாலும் நாலு நட்சத்திரம் போட்டேன்.
கழிவறையில் கை துடைக்கச்
சலவைத் துவாலை அடுக்கியிருந்தார்கள்,
என்ன செய்வது, மயங்கிவிட்டேன்.

கடற்கரை ஓட்டலில் காலைச் சாப்பாடு.
அடுத்த மேசைக்காரரின் டோஸ்ட்டைக்
குரங்கு தூக்கிக்கொண்டு ஓடியது.
இரண்டாம் தரம் அதுவும் வரவில்லை.
இந்த வரியைத்தான் வெட்டிவிட்டார்கள்.

சாட்ஸ்வொர்த்தில் நான் போய்ச் சேரும்போது
பிரியாணி தீர்ந்துவிட்டது.
காலி அண்டாவின் வாசனைக்கு மூன்றரை.

உம்லாங்காவில் சுஷி பிடிக்கிறவர் தோக்கோசானி,
க்வாமாஷுவிலிருந்து இரண்டு டாக்சி மாறி வருகிறார்.
விரலை நனைக்கிறார், சோற்றை அழுத்துகிறார், விடுகிறார்.
பக்கத்தில் பேச்சுக் கொடுத்தால்
அழுத்தம் மாறிவிடுமாம்.
தெரியாமல் கேட்டுவிட்டேன்,
ஜப்பானுக்குப் போயிருக்கிறீர்களா என்று.
நிமிராமலே கேட்டார்,
நீங்கள் மதராசுக்குப் போயிருக்கிறீர்களா?
பேசாமல் தின்றேன்.

தேசிகன் படையாச்சி கடை இந்தக் கணக்கில் சேராது.
க்ரே ஸ்ட்ரீட்டுக்குப் பின்சந்தில் இருக்கிறது.
போன வருஷமே எழுதி முடித்தது,
இரண்டு நட்சத்திரம்:
பீன்ஸ் வேகவில்லை, குழம்பு நீர்த்திருந்தது, சாதாரணம்.
இன்று மழைக்கு ஒதுங்கினேன், அவ்வளவுதான்.

கல்லாவுக்கு மேலே
முருகனுக்கும் தீயணைப்புச் சான்றிதழுக்கும் நடுவில்
சட்டம் போட்டு மாட்டியிருந்தது
என் எண்பது சொல்.
சிவப்பு மையில் திருத்தம் வேறு.
வேகவில்லை என்ற இடத்தில்:
அன்று மதியம் காஸ் தீர்ந்தது. சரி.
நீர்த்திருந்தது என்ற இடத்தில்:
அந்த வாரம் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை,
எதை ஊற்றி நீர்க்க வைப்பேன்? தப்பு.
சாதாரணம் என்பதைச் சுற்றி ஒரு வட்டம்,
பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மூலையில் என் படமும் இருந்தது,
அதே மூக்குக்கண்ணாடி.
ஒளிய வழியில்லை.
படையாச்சி என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.
கால் ரொட்டியைக் குடைந்தார்,
சுகர் பீன்ஸை விளிம்பு வரை ஊற்றினார்,
குடைந்த துண்டைத் தொப்பி மாதிரிக் கவிழ்த்துத்
தாளோடு நகர்த்தினார்.
இன்றைக்கு காஸ் இருக்கிறது, என்றார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்:
யார், அந்தம்மாவா?
ஊறுகாய் நிறைய வையுங்கள்.
அன்றைக்கு மூன்று தரம் கேட்டு வாங்கினது.

அது எண்பதுக்குள் வரவில்லை.

கை கழுவுவதற்குள் பில் வந்தது,
முப்பத்தைந்து ராண்ட்,
மேலே சிவப்புப் பேனா.
சட்டத்தை இறக்கியிருந்தார்,
பின்பக்கக் கொக்கிகளைக் கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டிருந்தார்.
வட்டத்துக்குப் பக்கத்தில் என்ன எழுத?
சுமார் என்றா, மன்னிக்கவும் என்றா,
ஊறுகாய் என்றா?
பேனா எழுதவில்லை. உதறினேன்.
தாளை அழுத்திப் பிடித்த கட்டைவிரல்
முதலில் பதிந்துவிட்டது,
மஞ்சளாய், எண்ணெயாய், ரேகை முழுசும்.

போதும், போதும் என்று
பிடுங்கிக்கொண்டார் படையாச்சி.
திரும்ப மாட்டும்போது
சட்டம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது,
முருகன் பக்கமாக.